ப்ளைத்பரா கூரையில் ஈயச் சன்னங்கள்

இங்கிலாந்தின் கிழக்குக் கரையோரம், சஃபோக் மாவட்டத்தில், ப்ளைத் ஆற்றின் கழிமுகத்தை ஒட்டி ப்ளைத்பரா என்ற சிற்றூர் இருக்கிறது. ஊர் சின்னது, கோயில் பெரியது. நீளம் மட்டும் 120 அடிக்கு மேல். ஏ12 நெடுஞ்சாலையில் போகிறவர்களுக்கு வீடுகள் தெரிவதற்கு முன்பே சதுப்பு நிலத்துக்கு அப்பால் அந்தக் கோயில் தெரிந்துவிடும். பரிசுத்த திரித்துவ ஆலயம் என்பது முறையான பெயர். 'சதுப்பு நிலத்துக் கதீட்ரல்' என்பது செல்லப்பெயர். பிஷப்பின் இருக்கை ஒருநாளும் இங்கே இருந்ததில்லை. இது வெறும் பங்குக் கோயில்தான்.

1974இல் இதன் கூரையைப் பழுது பார்த்தார்கள். உச்சியில், உத்தரத்துக்கு உத்தரம், சிறகு விரித்த மரத் தேவதூதர்கள் முதுகோடு முதுகு ஒட்டியபடி இருக்கிறார்கள். ஒருவர் கிழக்கே பார்ப்பார், இன்னொருவர் மேற்கே. அவர்களை அருகில் வைத்துப் பார்த்தபோது மரத்துக்குள் ஈயச் சன்னங்கள் பதிந்திருந்தன. யாரோ கீழே நின்று மேலே சுட்டிருக்கிறார்கள்.

யார் சுட்டது என்று ஊரில் கேட்டால் பதில் தயாராக இருந்தது. 1644இல் உருவங்களை உடைக்க வந்த வில்லியம் டௌசிங்கின் ஆட்கள் என்பார்கள். ஏணி எட்டவில்லை, அதனால் துப்பாக்கியைத் தூக்கினார்கள் என்பது கதை. ஆனால் சன்னங்கள் 18ஆம் நூற்றாண்டு வகை. கோயில் பொறுப்பாளர்களின் பழைய கணக்கில் 1761ஆம் ஆண்டுச் செலவாக ஒரு வரியும் இருக்கிறது: ஜாக்டா சுட்டதற்குக் கூலி. ஜாக்டா என்பது கோபுரத்திலும் கூரையிலும் கூடு கட்டும் ஒரு சின்னக் காக்கை. டௌசிங் வந்துபோய் நூறு ஆண்டுக்கு மேல் கழித்து, காக்கை விரட்டக் கூலி வாங்கியவர்கள் குறி தவறிச் சுட்ட சன்னங்கள் அவை.

இந்தக் கோயிலில் எது உடைந்திருந்தாலும் பழி இரண்டு பேர் மேல்தான் விழும். ஒருவர் டௌசிங், இன்னொருவர் சாத்தான். சாத்தான் 1577இல் கறுப்பு நாய் வடிவில் வந்து கதவில் நகம் பதித்துவிட்டுப் போனதாகச் சொல்வார்கள். சன்னங்களின் விஷயத்தில் டௌசிங் நிரபராதி என்றால், மற்ற சேதங்களிலும் இந்த இருவரின் பங்கு எவ்வளவு? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். அதற்கு முன், சேதம் ஆனது எது என்று தெரிய வேண்டும்.

கட்டியவர்கள்

ப்ளைத்பரா ஒரு காலத்தில் சந்தையும் துறைமுகமும் உள்ள ஊர். 7ஆம் நூற்றாண்டில் மெர்சியா நாட்டு அரசர் பெண்டாவோடு நடந்த போரில் பக்கத்திலேயே மாண்ட கிழக்கு ஆங்கிலிய அரசர் அன்னாவை இங்கேதான் அடக்கம் செய்தார்கள் என்பது பழைய மரபு. (அன்னா ஆண்தான். பெயரைப் பார்த்து ஏமாறாதவர்கள் குறைவு.) 1086இல் எடுத்த டூம்ஸ்டே கணக்கெடுப்பில் அரசரின் சொத்தாக ஊரும் கோயிலும் பதிவாகியிருக்கின்றன. 12ஆம் நூற்றாண்டில் கோயில் எசெக்ஸில் இருந்த செயின்ட் ஒசித் மடத்துக்குப் போனது. அந்த மடம் ப்ளைத்பராவில் அகுஸ்தீன் சபைத் துறவிகளுக்காக ஒரு கிளை மடத்தை நிறுவியது.

இப்போதுள்ள கட்டடத்தில் கோபுரம்தான் மூத்தது, 14ஆம் நூற்றாண்டு. மற்றதெல்லாம் புதிதாகக் கட்டியது. 1412இல் அரசர் நான்காம் ஹென்றி அதற்கு மடத்துக்கு அனுமதி கொடுத்தார். முடியக் கிட்டத்தட்ட எழுபது ஆண்டு ஆனது.

இங்கே ஒரு நிர்வாக விஷயத்தைச் சொல்லியாக வேண்டும், பின்னால் வரும் எல்லாச் சிக்கலுக்கும் வேர் அதுதான். இங்கிலாந்தில் பங்குக் கோயில் கட்டடத்துக்கு இரண்டு பொறுப்பாளிகள். கிழக்கே பலிபீடம் இருக்கும் பகுதியைப் பராமரிப்பது, விளைச்சலில் பத்தில் ஒரு பங்கான தசமபாகத்தை வாங்குகிறவரின் கடமை. மக்கள் கூடும் நடுக்கூடம் ஊர்க்காரர்கள் கடமை. ப்ளைத்பராவில் தசமபாகத்தை வாங்கியது மடம். ஆக பீடப்பகுதி மடத்துக்கு, நடுக்கூடமும் அந்தப் பிரம்மாண்டமான கூரையும் ஊருக்கு.

ஊர்க்காரர்கள் எங்கிருந்து கொடுத்தார்கள்? பெரும்பகுதி உயிலில். செத்தபிறகு ஆன்மா உத்தரிக்கும் தலத்தில் வேக வேண்டும், உயிரோடிருப்பவர்கள் செபித்தால் அந்தக் காலம் குறையும் என்பது அன்றைய நம்பிக்கை. ஜன்னலுக்கோ கூரைக்கோ பணம் எழுதிவைத்தால் அதில் உங்கள் பெயர் பொறிக்கப்படும், பார்க்கிறவர்கள் உங்களுக்காகச் செபிப்பார்கள். 'ஓராத்தே ப்ரோ அனிமா', இவரின் ஆன்மாவுக்காக மன்றாடுங்கள் என்று லத்தீனில் எழுதுவார்கள். அந்தக் காலத்துக் கோயில் என்பது இத்தகைய வேண்டுகோள்களால் நிறைந்த இடம். 1449 வாக்கில் செய்த ஞானஸ்நானத் தொட்டிகூட அப்படித்தான், கொடுத்த தம்பதியின் பெயரைப் படியிலேயே வெட்டியிருக்கிறார்கள்.

சஃபோக்கில் கட்டடக் கல் கிடையாது, வயலில் கிடைப்பது சக்கிமுக்கிக் கல்தான். அதைப் பிளந்து, பளபளக்கும் கறுப்பு முகத்தை வெளியே காட்டி, வெளியூரிலிருந்து வந்த வெள்ளைக் கல்லுக்கு நடுவே பதிப்பார்கள். கிழக்குச் சுவரில் பெரிய ஜன்னலுக்குக் கீழே இப்படிப் பதித்த எழுத்துகள் ஒரு வரிசை இருக்கிறது. ஒவ்வொன்றும் தனி எழுத்து, ஒவ்வொன்றின் மேலும் கிரீடம். ஏ, என், ஐ, எஸ், பி, எஸ், டி என்று போகும் அந்த வரிசையைச் சேர்த்துப் படித்தால் எந்த மொழியிலும் சொல் வராது. லத்தீன் வாக்கியம் ஒன்றின் முதலெழுத்துகள் என்று எடுத்துக்கொண்டு, 'இயேசுவின், திரித்துவத்தின், மரியாள், அன்னாள், கத்தரீன் ஆகியோரின் மகிமைக்காக இது திரும்பக் கட்டப்பட்டது' என்று பொருள் சொல்கிறார்கள். பொருந்தி வருகிறது. ஆனால் இது விடையிலிருந்து கணக்கைப் போட்ட மாதிரி எனக்குத் தோன்றாமல் இல்லை.

உள்ளே போனால் முதலில் தாக்குவது வெளிச்சம். நடுக்கூடத்தின் மேல் சுவரில் பக்கத்துக்குப் பதினெட்டு ஜன்னல். அவற்றில் இன்று வண்ணக் கண்ணாடி இல்லை என்பதால் வெயில் அப்படியே இறங்குகிறது. கூரை கிட்டத்தட்ட தட்டையானது. வெள்ளைப் பூச்சின் மேல் சிவப்பிலும் பச்சையிலும் பூக்களும், இயேசுவின் பெயரைக் குறிக்கும் மூன்றெழுத்துச் சின்னமும் அச்சு வைத்துத் தீட்டியவை. ஐந்நூறு ஆண்டுக்கு முன் பூசிய அதே வண்ணம் மங்கிப்போய் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது, மேலே யாரும் புதிதாகப் பூசவில்லை.

பெஞ்சுகளைத் தனியாகப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு பெஞ்சின் ஓரத்திலும் கைப்பிடி உயரத்தில் ஒரு குட்டி மர உருவம். தலையான பாவங்கள் ஒரு வரிசை: சோம்பேறி கட்டிலில் கிடக்கிறான், பெருந்தீனிக்காரன் தன் தொந்தியைத் தானே அணைத்துக்கொண்டிருக்கிறான், கஞ்சன் பணப்பெட்டியின் மேல் உட்கார்ந்திருக்கிறான், புறங்கூறுகிறவனுக்கு நாக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. குடிகாரனைத் தொழுமரத்தில் மாட்டியிருக்கிறார்கள். பிரசங்கம் நீளும்போது கை தானாக இவற்றின் தலைமேல்தான் போய் உட்கார்ந்திருக்கும், அந்த வழவழப்பைப் பார்த்தால் தெரிகிறது.

பீடப்பகுதிக்கு வடக்கே ஜான் ஹாப்டனின் கல்லறை. ஊரும் சுற்றுவட்டாரமும் அவருடைய நிலம், 1478இல் இறந்தார். கருநிறப் பளிங்கில், மேல் விதானத்தோடு, பணம் கொழித்த காலத்துக் கல்லறை. மேலே பதித்திருந்த பித்தளை உருவங்கள் மட்டும் இல்லை. கல்லில் அவற்றின் அச்சுக்குழி இருக்கிறது.

1577: இடியா, நாயா

1577 ஆகஸ்ட் 4, ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதிலிருந்து பத்துக்குள், ஆராதனை நடந்துகொண்டிருந்தது. அக்காலத்து வரலாற்றுக் குறிப்பு ஒன்று நடந்ததை இப்படி விவரிக்கிறது: குருவானவர் இரண்டாம் வாசகத்தைப் படித்துக்கொண்டிருக்கும்போது இடியும் மின்னலுமாகப் புயல் ஒன்று கோயில் சுவரைத் துளைத்துத் தரைக்குள் ஏறத்தாழ ஒரு கஜம் ஆழம் இறங்கியது. அந்தப் பக்கம் இருந்த இருபதுக்கும் மேற்பட்டவர்களைக் கீழே தள்ளியது. சுவரைக் கிழித்துக்கொண்டு மேலேறி, கதவைப் பிளந்து, கோபுரத்துக்குத் திரும்பி மரங்களை உடைத்து, பங்கே நகரை நோக்கிப் பறந்தது. விழுந்தவர்கள் அரைமணி நேரத்துக்கு மேல் தரையில் கிடந்தார்கள். நாற்பது வயதைத் தாண்டிய ஓர் ஆளும் பதினைந்து வயதுப் பையன் ஒருவனும் செத்துக் கிடந்தார்கள், மற்றவர்களுக்குத் தீக்காயம்.

இதில் நாயே இல்லை.

நாய் வருவது அதே ஆண்டில் லண்டனில் அச்சான ஒரு சிறு பிரசுரத்தில். எழுதியவர் ஆப்ரகாம் ஃப்ளெமிங். அவர் முக்கியமாகச் சொல்வது பங்கே கோயிலின் கதை. அங்கே கறுப்பு நாய் ஒன்று ஜனங்களுக்கு நடுவே ஓடி, முழங்காலில் நின்று செபித்த இருவரின் கழுத்தைத் திருகிக் கொன்றது என்கிறார். அப்புறம் ப்ளைத்பராவுக்கு வந்து, முன்பு சிலுவை உருவம் நின்ற உத்தரத்தின் மேல் ஏறி உட்கார்ந்து, அங்கிருந்து பாய்ந்து இரண்டு ஆண்களையும் ஒரு பையனையும் கொன்றதாம்.

இரண்டையும் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். ஒன்றில் இரண்டு சாவு, மற்றதில் மூன்று. ஒன்றில் புயல் ப்ளைத்பராவிலிருந்து பங்கேக்குப் போகிறது, மற்றதில் நாய் பங்கேயிலிருந்து ப்ளைத்பராவுக்கு வருகிறது. பங்கே கோயிலின் சொந்தப் பதிவேட்டில் அன்று இறந்த இருவரின் பெயரும் இருக்கிறது, ஜான் ஃபுல்லர், ஆடம் வாக்கர். புயலில், மணிக்கூண்டில், ஆராதனை நேரத்தில் இறந்தார்கள் என்று எழுதியிருக்கிறார்கள். அங்கேயும் நாய் இல்லை. மணிக்கூண்டில் நின்றவர்கள் இடி விழுந்து சாவது அந்தக் காலத்து ஐரோப்பா முழுக்க நடந்த விஷயம். ஊரிலேயே உயரமான இடம் அது, கையில் நனைந்த கயிறு வேறு.

சுவர் வழியாக இறங்கித் தரையைத் துளைப்பது, வரிசையாக நின்றவர்களைச் சாய்ப்பது, சிலரைக் கொன்று பக்கத்திலிருந்தவரைச் சுட்டதோடு விடுவது, மரத்தைச் சிராய் சிராயாகப் பிளப்பது: இடி விழுந்த எந்த இடத்திலும் பார்க்கக்கூடியவை இவை. அப்படியானால் நாய்க்கு என்ன தேவை? என் எண்ணத்தில் அந்த உத்தரம்தான் துப்பு. சிலுவை உருவம் இருந்த இடத்தில் போய் நாய் உட்கார்ந்தது என்று எழுதுகிறவர், உருவங்கள் அகற்றப்பட்டு ஒரு தலைமுறைகூட முழுசாக முடியாத ஊர்களுக்குப் பிரசங்கம் செய்கிறார். மனந்திரும்புங்கள் என்பதுதான் பிரசுரத்தின் சாரம். கிழக்குக் கரையோர மக்களிடம் கறுப்பு நாய்ப் பேய்க் கதை ஏற்கெனவே உண்டு, பிளாக் ஷக் என்று அதற்குப் பெயர். இரண்டும் ஒட்டிக்கொண்டபின் பிரிக்க யாராலும் முடியவில்லை.

வடக்கு வாசல் கதவில் விரல் நீளத்துக்குக் கருகிய தழும்புகள் இருக்கின்றன. நாயின் நகம் என்று காட்டுவது அதைத்தான். இடியால் வந்த சூடாக இருக்கலாம். ஆனால் இங்கிலாந்தின் பழைய வீடுகளிலும் கோயில்களிலும் மெழுகுத்திரிச் சுடரை வேண்டுமென்றே மரத்தில் பிடித்துச் சுட்ட இதே மாதிரியான, கண்ணீர்த்துளி வடிவத் தழும்புகள் ஏராளம். தீ, பேய் போன்றவை அண்டாமல் இருக்கச் செய்த காப்பு என்று அவற்றைப் படித்தவர்கள் கருதுகிறார்கள். ப்ளைத்பரா கதவும் அந்த வகைதான் என்றால் வேடிக்கைதான். சாத்தானை விரட்டப் போட்ட அடையாளத்தையே சாத்தானின் கையெழுத்து என்று காட்டிக்கொண்டிருக்கிறோம்.

எட்டு நாள் கெடு

டௌசிங் வேற்றூர்க்காரர் இல்லை. ப்ளைத்பராவுக்கு மேற்கே பத்து மைல் தள்ளி இருக்கும் லாக்ஸ்ஃபீல்டில் பிறந்த விவசாயக் குடும்பத்து ஆள். உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த 1643 ஆகஸ்ட்டில், கோயில்களில் உள்ள மூட நம்பிக்கைச் சின்னங்களை அகற்ற நாடாளுமன்றம் ஆணை பிறப்பித்தது. டிசம்பரில் மான்செஸ்டர் பிரபு அதை நிறைவேற்றும் அதிகாரத்தை டௌசிங்குக்கு எழுதிக்கொடுத்தார். அடுத்த சில மாதங்களில் கேம்பிரிட்ஜ்ஷரிலும் சஃபோக்கிலும் சுமார் 250 கோயில்களுக்குப் போனார். பல இடங்களில் 6 ஷில்லிங் 8 பென்ஸ் கட்டணமும் வாங்கினார். போன இடத்தில் செய்ததையெல்லாம் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். இப்படி ஓர் ஆதாரத்தைக் குற்றவாளியே தன் கையால் எழுதித் தருவது அபூர்வம்.

1644 ஏப்ரல் 9இல் ப்ளைத்பரா. குறிப்பு மூன்று நான்கு வரிதான். மூட நம்பிக்கைப் படங்கள் இருபது, வெளிச்சுவரில் ஒன்று, முன்வாசல் மண்டபத்தில் இரண்டு, கோபுரத்தில் ஒன்று. கோயிலிலும் பீடப்பகுதியிலும் இறக்க வேண்டிய கேருபீன்கள் (தேவதூதர் உருவங்கள்) இருபது. 'ஓராத்தே ப்ரோ அனிமாபுஸ்' மூன்றை உடைத்தேன். இன்னும் இருநூறுக்கு மேற்பட்ட படங்களை எட்டு நாளில் இறக்க உத்தரவு கொடுத்தேன்.

இதை மெதுவாகப் படிக்க வேண்டும். 'உடைத்தேன்' என்று அவர் சொல்வது மூன்று கல்வெட்டுகளை. கேருபீன்களுக்கு 'இறக்க வேண்டியவை' என்கிறார். இருநூறு படங்களுக்கு உத்தரவு மட்டும். 'படம்' என்று அவர் எழுதுவது பெரும்பாலும் ஜன்னலில் இருந்த வண்ணக் கண்ணாடி உருவங்கள். இருநூறு கண்ணாடிகளை எட்டு நாளில் இறக்க வேண்டியவர்கள் ஊர்க்காரர்கள், அதுவும் தங்கள் செலவில். திரும்பி வந்து சரிபார்க்க அவருக்கு நேரமில்லை. பக்கத்தில் சவுத்வோல்டிலும் 130 படங்களை உடைத்துவிட்டு, இருபது தேவதூதர்களை இறக்க உத்தரவு போட்டுவிட்டுத்தான் வந்திருந்தார்.

கண்ணாடி போய்விட்டது, ஜன்னல்களின் உச்சிச் சந்துகளில் சில முகங்களும் துண்டுகளும் மட்டும் எஞ்சியிருக்கின்றன. அதில் டௌசிங்குக்குப் பங்கு உண்டு, மறுக்க முடியாது. ஆனால் தேவதூதர்கள் இன்றும் மேலேதான் இருக்கிறார்கள். காரணம் பக்தி என்று நினைக்க ஆசையாக இருக்கும். சாரம் கட்ட யார் பணம் கொடுப்பது என்ற கேள்வி அதைவிடப் பெரியதாக இருந்திருக்கும் என்று நான் நினைக்கிறேன். உத்தரவை மீறவும் இல்லை, நிறைவேற்றவும் இல்லை. கிடப்பில் போட்டார்கள்.

பெஞ்சு உருவங்களை அவர் தொடாதது வேறு காரணத்தால். அவற்றுக்கு யாரும் மண்டியிடுவதில்லை. தொந்தி வயிற்றுக்காரனைப் பார்த்து மன்றாடுகிறவன் எவன்? டௌசிங் மாதிரி உருவ வழிபாட்டை வெறுத்த தூய்மைவாதிக்கும் அந்தப் பாடம் ஒப்புக்கொள்ளக் கூடியதே.

ஞானஸ்நானத் தொட்டியின் பக்கங்களில் இருந்த சிற்பங்களை உளியால் செதுக்கி மொட்டையாக்கியிருக்கிறார்கள். அந்த வேலை டௌசிங்கின் குறிப்பில் இல்லை. செய்ததையெல்லாம் எண்ணி எண்ணி எழுதுகிற மனிதர் இதை மட்டும் விட்டிருப்பாரா? பழைய வழிபாட்டை அகற்றும் அரசாணைகள் அவருக்கு நூறு ஆண்டு முன்பே, எட்டாம் ஹென்றி, ஆறாம் எட்வர்ட், எலிசபெத் காலங்களில் அலை அலையாக வந்தவை. சிலுவை உருவம் அப்போதே போய்விட்டதை நாய்க் கதையே காட்டிக்கொடுக்கிறது. தொட்டியும் அப்படி முன்பே போயிருக்கவே வாய்ப்பு அதிகம். இரண்டு உடைப்புகளுக்கும் நடுவே ஒரு நூற்றாண்டு இருந்தாலும் ஊர் ஞாபகம் எல்லாவற்றையும் ஒரே ஆளின் கணக்கில் எழுதிவிட்டது. கிரேக்கத்துக்கு எல்லாம் ஹோமர் மாதிரி, கிழக்கு இங்கிலாந்தில் உடைப்புக்கெல்லாம் டௌசிங்.

யார் மேலும் வழக்குப் போட முடியாத சேதம்

உண்மையில் கோயிலைத் தரைமட்டத்துக்குக் கொண்டுபோகப் பார்த்தது இதற்கெல்லாம் சம்பந்தமில்லாத விஷயம். 1537இல் மடம் மூடப்பட்டது. அதன் சொத்து ஹாப்டன் குடும்பத்துக்குப் போனது, தசமபாக உரிமையும் மடத்தின் கையைவிட்டுத் தனியார் கைக்கு வந்தது. பலிபீடப் பகுதியைப் பராமரிக்கும் கடமை இப்போது லாபக் கணக்கு பார்க்கும் நிலவுடைமைக்காரரிடம். குருவானவருக்குக் கிடைத்தது சொற்பச் சம்பளம். உத்தரிக்கும் தலம் என்ற நம்பிக்கையே சட்டப்படி ஒழிந்ததால், உயில் எழுதிக் கூரைக்குப் பணம் வைப்பதற்கான காரணமும் ஒழிந்தது.

ஆறு தூர்ந்தது. கப்பல்கள் பெரிதாகிக்கொண்டே போன காலத்தில் கழிமுகம் ஆழம் குறைந்துகொண்டே வந்தது. 1676இல் ஊரில் பெரும் தீ விபத்து, வீடிழந்தவர்களில் பலர் திரும்பக் கட்டாமல் வெளியேறினார்கள். ஆக, நூற்றுக்கணக்கான வியாபாரிகளும் மீனவர்களும் சேர்ந்து கட்டிய கூரையைப் பராமரிக்க வேண்டியவர்கள் ஒரு கைப்பிடி விவசாயிகள். இருந்த இடத்தை எதற்காவது பயன்படுத்தினார்கள். ஹாப்டன் குடும்பத்தின் சிற்றாலயத்தில் பள்ளிக்கூடம் நடந்தது. அப்போஸ்தலர்களைச் செதுக்கிய மேசைகளின் மேல்பலகையில் மைக்கூடு வைக்கக் குழி தோண்டியிருக்கிறார்கள். அதில் டச்சுச் சிறுவன் ஒருவன் 1665 என்று ஆண்டு போட்டுத் தன் பெயரை வெட்டியிருக்கிறான். டௌசிங் கண்ணில் படாத அப்போஸ்தலர்கள் பள்ளிப் பையன்களிடம் மாட்டிக்கொண்டார்கள்.

கொஞ்சம் தெம்பிருந்தபோது சின்னச் சின்னதாகச் செய்தார்கள். 1682 என்ற ஆண்டோடு தொடர்புள்ள மரப் போர்வீரன் ஒருவன் இன்றும் இருக்கிறான், கயிற்றை இழுத்தால் கையிலுள்ள கோடரியால் மணியை அடிப்பான். 1761இல் காக்கை சுட ஆள் வைத்தார்கள். கூரைக்குள் காக்கை வந்து குடியிருக்கிறது என்றாலே ஓட்டை இருக்கிறது என்று அர்த்தம். ஓட்டையை அடைக்கச் செலவாகும், சன்னம் மலிவு.

19ஆம் நூற்றாண்டில் ஜன்னல்கள் பலவற்றைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டார்கள். மழை நாளில் குடை பிடித்துக்கொண்டு ஆராதனையில் உட்காருவார்களாம். 1868இல் கட்டாயக் கோயில் வரியை நாடாளுமன்றம் நீக்கியது, விருப்பமுள்ளவர் கொடுத்தால் உண்டு என்றானது. சபை மாறிப்போனவர்கள் தாங்கள் போகாத கோயிலுக்கு வரி கட்டுவதா என்று பல ஆண்டு போராடிப் பெற்ற உரிமை அது, நியாயமும்கூட. ஆனால் ப்ளைத்பரா மாதிரி இடத்துக்குக் கடைசி வருமானமும் நின்றது. பதின்மூன்று ஆண்டு கழித்து, 1881 டிசம்பரில், உயிருக்கு ஆபத்து என்று கோயிலைப் பூட்டிவிட்டார்கள்.

இதற்கப்புறம் வந்தது இன்னொரு ஆபத்து, நல்லெண்ணத்தோடு வந்தது. விக்டோரியா காலத்தில் 'புதுப்பித்தல்' என்றால் பழைய பூச்சைச் சுரண்டி, சிதைந்த மரத்தைக் கழற்றி, இடைக்காலம் எப்படி இருந்திருக்க வேண்டும் என்று கட்டடக் கலைஞர் நினைத்தாரோ அப்படிப் புதிதாகச் செய்து வைப்பது. நூற்றுக்கணக்கான கோயில்கள் அப்படிப் பளபளவென்று ஆகி, பழையது எது என்று தெரியாமல் போயின. இதை எதிர்த்துத்தான் கவிஞரும் வடிவமைப்பாளருமான வில்லியம் மோரிஸ் 1877இல் பழங்காலக் கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தைத் தொடங்கினார், 'சுரண்டாதே' என்பதுதான் அதன் பட்டப்பெயரே. ப்ளைத்பராவில் சங்கம் உள்ளே நுழைந்தது. கூரையைப் பிரிக்காதீர்கள், ஒழுகலை நிறுத்துங்கள், விழாமல் தாங்குங்கள், மற்றதைத் தொடாதீர்கள் என்று வாதாடியது. ஊர்த் தரப்புக்கு எரிச்சல். லண்டனில் உட்கார்ந்துகொண்டு அறிவுரை சொல்கிறவர்கள் மழையில் நனைந்து செபிக்க வேண்டியதில்லையே என்ற கோபம் புரிந்துகொள்ளக் கூடியதுதான்.

வாதத்தில் யார் ஜெயித்தார்கள் என்று சொல்வது கடினம், ஏனென்றால் தீர்மானித்தது காசு. முழுப் புதுப்பிப்புக்குத் தேவையான பணம் சேரவே இல்லை. இருந்ததை வைத்து அவசரமானதை மட்டும் செய்து 1884இல் கோயிலைத் திறந்தார்கள். மிச்ச வேலை பணம் வர வர, துண்டு துண்டாக, பல ஆண்டுகள் இழுத்தது. பணக்கார ஊராக இருந்திருந்தால் இன்று மேலே பார்க்கும் கூரை 1880களின் புது ஓக் மரமாக, புது வண்ணத்தோடு இருந்திருக்கும். தேவதூதர்களை 1644இல் காப்பாற்றிய அதே காலிப் பெட்டி இரண்டாம் முறையும் காப்பாற்றியது. அதே காலிப் பெட்டிதான் ஒழுகலுக்கும் காரணம் என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

அப்புறமும் ஆபத்து வராமல் இல்லை. 1944 ஆகஸ்ட் 12இல் வெடிமருந்து நிரப்பிய அமெரிக்க விமானம் ஒன்று ப்ளைத்பரா அருகே வானிலேயே வெடித்தது. அதில் இறந்த இருவரில் ஒருவர் பின்னாளில் ஜனாதிபதியான கென்னடியின் அண்ணன் ஜோசப். 1969 ஜூனில் நடந்த தீ விபத்தில் நேரடிப் பாதிப்பு இல்லை, எரிந்தது சில மைல் தள்ளி ஸ்னேப்பில் இருந்த இசை அரங்கம். ஆல்ட்பரா இசை விழாவின் முதல் நாள் இரவில் அது எரிந்துபோக, இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டன் நடத்தவிருந்த மோட்சார்ட்டின் 'இதோமெனியோ' இசைநாடகத்தைச் சில நாட்களில் ப்ளைத்பரா கோயிலுக்கு மாற்றினார்கள். ஓக் உத்தரமும் செங்கல் தரையும் உள்ள அந்தக் கூடத்தில் இசை நன்றாக நின்றது, விழாக் கச்சேரிகள் அங்கே தொடர்ந்தும் நடந்தன.

இன்று போகிறவர்கள் பெரும்பாலும் முதலில் தேடுவது வடக்குக் கதவை. தழும்பில் விரலை வைத்துப் படம் எடுத்துக்கொண்டு, அப்புறம்தான் அண்ணாந்து பார்க்கிறார்கள். டௌசிங் குதிரைகளைக் கட்டியதாகச் சொல்லும் இரும்பு வளையங்களைத் தூணில் காட்டுகிறார்கள். 1761ஆம் ஆண்டுக் கணக்கைக் காட்டச் சொல்லி யாரும் கேட்பதில்லை.